பீட் நிலமும் மண்புழுவும்: ஓர் எளிய விளக்கம்

"மண்புழு இருந்தால் நல்ல மண், இல்லாவிட்டால் செத்த மண்." இயற்கை விவசாயம் பற்றிப் பேச்சு வரும் இடமெல்லாம் இந்த வரியும் வந்துவிடும். வயலுக்கும் தோட்டத்துக்கும் இது பெரும்பாலும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வகை நிலம் உண்டு. அது தன் இயல்பில் நன்றாக இருக்கும்வரை அதில் மண்புழு கிடைப்பதே அபூர்வம். அதே நிலத்தை வடித்து, திருத்தி, மாடு மேய்க்கும் புல்வெளியாக்கினால் கதை தலைகீழாகிவிடும். மண்புழு வந்து சேராதவரை அந்தப் புல்வெளி தேறாது.

பீட் நிலத்தைத்தான் சொல்கிறேன். இந்த இரண்டு நிலைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் விநோதமான முடிவுகள் வருகின்றன. "அங்கே புழுவே இல்லை, ரசாயனம் கொன்றுவிட்டது" என்கிறார் ஒருவர். "ஒரு மூட்டை புழு வாங்கி விடுங்கள், மண் சரியாகிவிடும்" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே ஏன் தவறு என்று புரிய, முதலில் பீட் எப்படிப்பட்ட பொருள் என்று பார்க்க வேண்டும்.

பீட் என்பது என்ன?

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பின்லாந்து போன்ற குளிரும் ஈரமும் மிகுந்த நாடுகளில், தண்ணீர் வடியாத இடங்களில் பாசியும் கோரையும் வளர்ந்து, செத்து, அங்கேயே விழுகின்றன. தண்ணீர் தேங்கி நிற்பதால் காற்று உள்ளே போவதில்லை. காற்று இல்லாததால் மட்குவதும் மிக மெதுவாகவே நடக்கிறது. இப்படி அரைகுறையாக மட்கிய செடிக்குப்பை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் சேர்ந்துகொண்டே போனால் அதுதான் பீட். பனியுகம் முடிந்த பிறகு சேரத் தொடங்கிய அயர்லாந்துச் சதுப்புகள் சிலவற்றில் இதன் ஆழம் பல மீட்டர். (நர்சரியில் விற்கும் கோகோபீட் வேறு சரக்கு. அது தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும்போது உதிரும் தூள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், அங்கே தொட்டிச் செடிகளுக்கு பீட்டுக்கு மாற்றாகப் பயன்படுகிறது.)

ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மாங்காய்த் துண்டு வருஷம் தாண்டியும் கெடாமல் இருப்பது ஏன்? உப்பும் புளிப்பும் கிருமியை வளர விடுவதில்லை, மேலே நிற்கும் எண்ணெய் காற்றை உள்ளே விடுவதில்லை. பீட்டிலும் இதே ஏற்பாடுதான். எண்ணெயின் வேலையைத் தேங்கிய தண்ணீர் செய்கிறது. புளிப்பை ஸ்பேக்னம் என்ற பாசி தருகிறது. இந்தப் பாசி தண்ணீரிலுள்ள கால்சியம் போன்றவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்கு அமிலத்தை வெளியே விடும்.

இந்தப் புளிப்பை அளக்கும் அளவுகோல் பிஹெச். 7 நடுநிலை, அதிலிருந்து குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். ஸ்பேக்னம் பீட்டின் பிஹெச் 4-ஐ ஒட்டி நிற்கும். நல்ல மேய்ச்சல் மண்ணில் அது 6 அல்லது அதற்கு மேல் இருக்கும்.

ஊறுகாய் எவ்வளவு நன்றாகப் போடப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2003-ல் அயர்லாந்தின் ஆஃபலி கவுன்டியில், ஓல்ட் க்ரோகன் என்ற இடத்து பீட்டில் ஒரு மனித உடல் வெளிப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. தோலும் கையும் விரல் நகமும் அப்படியே இருந்தன. இன்று டப்ளின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஓர் உடலையே மட்க விடாத மண்ணில், மட்குவதைத் தின்று பிழைக்கும் மண்புழுவுக்கு என்ன வேலை?

மண்புழுவின் தேவைகள்

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகவே மூச்சு விடுகிறது. அதனால் ஈரமும் வேண்டும், அந்த ஈரத்தில் ஆக்சிஜனும் வேண்டும். "தண்ணீரில் புழு செத்துவிடும்" என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது பாதி உண்மைதான். ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் பல இனங்கள் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். தேங்கிக் கெட்டுப்போன தண்ணீரில் முடியாது. பீட்டில் இருப்பது இரண்டாவது வகை.

அடுத்தது கால்சியம். மண்புழுக்கள் பலவற்றின் உணவுக்குழாயை ஒட்டி, கால்சியம் கார்பனேட்டைச் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. கால்சியமே இல்லாத, பிஹெச் 4.5-க்குக் கீழே இறங்கிய மண்ணைப் பெரும்பாலான இனங்கள் ஒதுக்கிவிடும். டென்ட்ரோபேனா ஆக்டேட்ரா போன்ற சில சிறிய இனங்கள் மட்டும் அமிலத்தைச் சகித்துக்கொள்ளும்.

மூன்றாவது உணவு. இங்குதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பீட் முழுக்க முழுக்கச் செடிப்பொருள்தானே, புழுவுக்கு விருந்தாக இருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். ஆனால் ஸ்பேக்னம் பீட்டில் கார்பன் ஏராளம், நைட்ரஜனோ மிகக் குறைவு. போதாததற்கு நுண்ணுயிர்களை அடக்கிவைக்கும் வேதிப்பொருள்களும் பாசியிலேயே உண்டு. மண்புழு செடிக்குப்பையைத் தனியாகச் செரிப்பதில்லை. நுண்ணுயிர்கள் ஏற்கெனவே கை வைத்துப் பதப்படுத்திய குப்பையைத்தான் அது தேடுகிறது. நுண்ணுயிர் தொடாத பீட்டைப் புழுவும் சீந்தாது. அயர்லாந்தில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜேம்ஸ் கர்ரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-களிலும் 90-களிலும் இந்த விஷயத்தைத்தான் நெருங்கி ஆராய்ந்தார்கள். வெறும் பீட்டில் புழு தேறுவதில்லை, சாணமோ புல்குப்பையோ சேர்ந்தால்தான் எடை போடுகிறது என்பது அந்த வேலையிலிருந்து கிடைத்த முக்கியமான பாடம்.

கடைசியாக, கொஞ்சம் மணல். மண்புழுவுக்குப் பல் இல்லை. கோழியைப் போலவே அதற்கும் ஓர் அரைப்பை உண்டு, அதில் மண்துகள்களைப் போட்டு உணவை அரைக்கிறது. ஆழமான பீட்டில் அரைக்க ஒரு மணல் துகள்கூட அகப்படாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: காற்று, கால்சியம், பதப்பட்ட உணவு, அரைக்கத் துகள். இயற்கையான ஸ்பேக்னம் சதுப்பில் இந்த நான்குமே இல்லை. புழு இல்லாததற்கு ரசாயனத்தைக் குற்றம் சொல்ல இடமில்லை.

அப்படியானால் அது செத்த மண்ணா? அதுவும் கிடையாது. இங்கிலாந்தின் வட பென்னைன் மலையில் மூர் ஹவுஸ் என்ற ஆய்வு நிலம் இருக்கிறது. அங்கே பீட்டுக்குள் எங்கிட்ரேயிட் என்னும் குட்டிப் புழுக்கள் சதுர மீட்டருக்குப் பல்லாயிரக்கணக்கில் வாழ்கின்றன. மண்புழுவின் தூரத்து உறவு இவை. வெண்ணிறம், நூல் போன்ற உடல், நீளம் ஒரு சென்டிமீட்டர் வந்தால் அதிகம். மண்புழு வர மறுக்கும் இடத்தில், மேல்பரப்பின் மட்கும் வேலையில் பெரும்பங்கு இவற்றுடையதுதான்.

நிலம் திருத்துவது எப்படி?

அயர்லாந்தில் பீட் அடுப்பெரிக்கும் பொருள். 1946-ல் போர்ட் ந மோனா என்ற அரசு நிறுவனத்தை அமைத்து, நாட்டின் நடுப்பகுதியிலுள்ள பெரிய சதுப்புகளில் இயந்திரம் கொண்டு பெரிய அளவில் பீட் எடுத்தார்கள். முதலில் சுமார் 15 மீட்டருக்கு ஒன்றாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். பிறகு மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சுரண்டி, வெயிலில் உலர்த்தி, வாரி, மின்நிலையத்துக்கு அனுப்பினார்கள். பல பத்தாண்டுகள் இப்படிச் சுரண்டினால் கடைசியில் அடிப்பகுதி பீட் மட்டும் மிஞ்சும். இதை வெட்டி முடித்த சதுப்பு என்று சொல்லலாம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு செடியும் இல்லாத பழுப்பு வெளி.

இந்த அடிப்பகுதி மேல்பகுதியைப் போல இல்லை என்பதுதான் விஷயம். சதுப்பு உருவான தொடக்க காலத்தில் அங்கே நாணலும் கோரையும் வளர்ந்தன. நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லைத் தொட்டுக்கொண்டு வந்தது. அதனால் அடி பீட்டில் புளிப்பு குறைவு. அதற்கும் கீழே பனியாறுகள் விட்டுப்போன சுண்ணாம்பு கலந்த மண். ஆழ உழுது இரண்டையும் கலந்தால் கால்சியமும் வரும், மணலும் வரும். இன்னும் தேவைப்படும் இடத்தில் சுண்ணாம்புத் தூள் போடுவார்கள். பிறகு உரமிட்டு, புல்லும் க்ளோவர் என்ற தீவனச் செடியும் விதைத்து, மாட்டை விடுவார்கள்.

ஒவ்வொரு படியும் ஊறுகாயின் ஒரு பாதுகாப்பை நீக்குவதைக் கவனியுங்கள். வாய்க்கால் எண்ணெயை வடிக்கிறது, சுண்ணாம்பு புளிப்பை முறிக்கிறது, புல்லும் சாணமும் புதுச் சாப்பாட்டைக் கொண்டுவருகின்றன. இவ்வளவும் நடந்த பிறகுதான் மண்புழு அங்கே வாழ முடியும். சுருக்கமாகச் சொன்னால், திருத்திய பீட்டில் மண்புழு முதலில் ஒரு விளைவு. காரணமாக அது மாறுவது பின்னால்தான்.

புழு எங்கிருந்து வரும், எவ்வளவு வேகத்தில்?

நிலம் தயார். புழு தானாக வந்துவிடுமா? வரும், ஆனால் அவசரப்படாது. ஓரத்திலிருக்கும் பழைய மேய்ச்சல் நிலத்திலிருந்து மண்புழுக் கூட்டம் பரவும் வேகம் பொதுவாக ஆண்டுக்கு 5 முதல் 15 மீட்டர். நெதர்லாந்தில் கடலிலிருந்து மீட்ட நிலங்களில் அளந்தபோதும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான் வந்தது. 500 மீட்டர் அகலமுள்ள ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். இரு ஓரத்திலிருந்தும் ஆண்டுக்கு 10 மீட்டர் வந்தால் நடுப்பகுதியைத் தொட 25 ஆண்டுகள். வெட்டி முடித்த சதுப்பு இதைவிடப் பல மடங்கு பெரிது. சுற்றிலும் புழு இல்லாத பீட்தான் என்றால் புறப்பட்டு வர ஓரமே கிடையாது.

மாட்டுக் குளம்பிலும் டிராக்டர் சக்கரத்திலும் ஒட்டிய மண்ணோடு, எருவோடு, நாற்றின் வேரோடு புழுவின் முட்டைக்கூடுகள் நடுவயலுக்கு வந்து சேர்வதும் உண்டு. அங்கங்கே திட்டுத்திட்டாகப் புழு தென்படுவதற்கு அதுதான் காரணம்.

எல்லா இனமும் ஒன்றாக வந்துவிடாது. யார் முதலில் வருவார் என்று புரிந்துகொள்ள, பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் பூஷே 1970-களில் வகுத்த ஒரு பிரிவு உதவும். மண்புழுக்களை வாழும் இடத்தை வைத்து அவர் மூன்றாகப் பிரித்தார். மேற்பரப்புப் புழு குப்பைக்குள்ளேயே வாழும், செந்நிறமாக இருக்கும். மண்ணுள் புழு மண்ணைத் தின்றபடி கிடைமட்டமாகத் துளைத்துச் செல்லும், வெளிறிய சாம்பல் நிறம். ஆழ்துளைப் புழு செங்குத்தாக ஒரு வளை தோண்டி, இரவில் மேலே வந்து இலையைக் கீழே இழுத்துப் போகும்.

திருத்திய பீட்டில் முதலில் தலை காட்டுவது பெரும்பாலும் லும்ப்ரிகஸ் ருபெல்லஸ் போன்ற மேற்பரப்பு இனங்கள். ஓரளவு புளிப்பைத் தாங்கும், சாணத்தடியில் வேகமாகப் பெருகும். சுண்ணாம்பு ஏறி, மண் கொஞ்சம் பண்பட்ட பிறகு அப்போரெக்டோடியா கலிஜினோசா போன்ற மண்ணுள் புழுக்கள். லும்ப்ரிகஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற ஆழ்துளைப் புழு கடைசி. மெதுவாக வளரும், மெதுவாகப் பெருகும், நிலையான வளையும் ஆழமான வடிகாலும் கேட்கும்.

காத்திருக்க முடியாதவர்கள் புழுவைக் கொண்டுவந்து விடலாம். நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களிலும் நெதர்லாந்திலும் அயர்லாந்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். புழு நிறைந்த பழைய புல்வெளியிலிருந்து வேரும் மண்ணுமாகச் சதுரம் சதுரமாகப் புல்கட்டி வெட்டி, புது வயலில் சில மீட்டர் இடைவெளியில் பதிப்பது ஒரு நல்ல வழி. புழு தன் வீட்டோடு வருகிறது, முட்டைக்கூடுகளும் கூடவே வருகின்றன.

மண்புழு உரக் குழியிலிருந்து அள்ளிக்கொண்டு போய் விட்டால் என்ன? நம் ஊரில் இந்த யோசனை உடனே வரும். உரக் குழியில் வளர்ப்பது ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜினியே போன்ற இனங்கள். அவை சாணக் குவியலிலும் குப்பைக் குவியலிலும் வாழ்பவை, மண்ணைத் துளைத்து வாழ்பவை அல்ல. குவியல் தீர்ந்ததும் அவையும் தீர்ந்துவிடும். பீட் நிலத்தில் மட்டுமில்லை, சாதாரண வயலிலும் இதுதான் நடக்கும். விற்பவர்கள் இதைச் சொல்வது அபூர்வம்.

வந்த பிறகு என்ன செய்கிறது?

புழு இல்லாத புதுப் புல்வெளியைக் கையால் பிரித்துப் பார்த்தால், பச்சைப் புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே செத்த புல், வேர், பழைய சாணம் எல்லாம் அடை அடையாகப் படிந்திருப்பது தெரியும். இதைப் புல்மெத்தை என்போம். உரம் போட்டால் மெத்தையிலேயே சிக்கிவிடும். புல்லின் வேரும் மெத்தைக்குள்ளேயே ஓடும், கீழே இறங்காது. ஒரு பிடி இழுத்தால் பாய் போலச் சுருண்டு வரும். நெதர்லாந்தின் புது நிலங்களில் புழு வந்த பகுதியையும் வராத பகுதியையும் இந்த மெத்தையை வைத்தே பிரித்துவிட முடிந்தது.

மண்புழு வந்ததும் மெத்தையைத் தின்று, இழுத்து, கீழே உள்ள பீட்டோடு கலக்கிறது. அதன் குடல் வழியாக வந்த எச்சத்தில் பீட் தூளும் மண்துகளும் நுண்ணுயிரும் பிசைந்து மணிமணியாகச் சேர்ந்திருக்கும். உலர்ந்தால் தூசியாகப் பறக்கும் பீட், இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மண் போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது. வளை வழியாக மழைநீரும் காற்றும் இறங்கும். அடைபட்டுக் கிடந்த நைட்ரஜன் புல்லுக்குக் கிடைக்கும். அயர்லாந்துச் சோதனைகளில் புழு விட்ட இடங்களில் புல் விளைச்சல் கூடியது. விளைவாக வந்த புழு காரணமாக மாறும் இடம் இதுதான்.

எண்ணிக்கையை எப்படி எடுக்கிறார்கள்? 25 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு கட்டியை வெட்டி, கையாலேயே உதிர்த்து எண்ணுவார்கள். ஆழ்துளைப் புழுவுக்குக் கடுகுத்தூள் கரைத்த தண்ணீரை ஊற்றுவார்கள், எரிச்சல் தாங்காமல் மேலே வரும். நார் நிறைந்த பழுப்பு பீட்டில் பழுப்புப் புழுவைத் தேடுவது கண்ணுக்குச் சோதனை. நல்ல பழைய மேய்ச்சல் நிலத்தில் சதுர மீட்டருக்குச் சில நூறு இருக்கும். கோடை வறட்சியில் எடுத்த எண்ணிக்கையை மழைக்கால எண்ணிக்கையோடு ஒப்பிடுவது வீண். வறண்டால் புழு ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு படுத்துவிடும்.

கணக்கின் மறுபக்கம்

இவ்வளவும் புல் விளைப்பவரின் பக்கத்துக் கணக்கு. இன்னொரு பக்கமும் இருக்கிறது.

ஜாடியில் எண்ணெய் இறங்கிவிட்டால் ஊறுகாய் என்ன ஆகும்? வடித்த பீட்டுக்கும் அதே கதிதான். காற்று பட்டதும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த கார்பன் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உலகின் நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான், ஆனால் உலகக் காடுகளின் மரம் செடி அனைத்திலும் உள்ளதைவிட அதிகக் கார்பனை அது பூட்டி வைத்திருக்கிறது. இப்படிக் கார்பன் கரைவதில் முதல் பங்கு காற்றுக்கும் நுண்ணுயிர்க்கும். மண்புழு கிளறி, கலந்து, அரைத்துக் கொடுத்து அவர்களுக்குக் கை கொடுக்கிறது.

நிலமும் தாழ்கிறது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851-ல் ஓர் இரும்புத் தூணை பீட்டுக்குள் இறக்கி, அதன் உச்சியைத் தரைமட்டத்தோடு சமமாக்கி வைத்தார்கள். பக்கத்து ஏரியை வடித்த பிறகு தரை இறங்கியது. இன்று தூணின் உச்சி தரைக்கு மேலே சுமார் 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மேற்கு நெதர்லாந்தின் பீட் புல்வெளிகள் நூற்றாண்டுகளாக வடிக்கப்பட்டவை. அங்கே சில இடங்களில் நிலம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்கிறது. அதே புல்வெளிகளில் மண்புழு அமோகம். புழு குறைவில்லாமல் இருக்கிறது, நிலமோ கண்ணெதிரே கரைகிறது. தொடக்கத்தில் சொன்ன வரியை வைத்துக்கொண்டு இந்த நிலத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது?

இந்தப் புழுக்களை நம்பி ஒரு பறவையும் இருக்கிறது. கருவால் மூக்கன், 2015-ல் நெதர்லாந்தின் தேசியப் பறவையாகத் தேர்வானது. நீண்ட அலகை ஈரப் புல்வெளியில் குத்தி மண்புழு எடுக்கும். (இதே இனத்தை நாம் கோடியக்கரையில் குளிர்காலத்தில் பார்க்கலாம், ஆனால் அவை கிழக்கே பிறந்த கூட்டம். டச்சுப் பறவைகளில் பல மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன.) நிலத்தடி நீரை அதிகம் இறக்கினால் மேல்மண் இறுகி அலகு இறங்காது, புழுவும் ஆழத்துக்குப் போய்விடும். நீரை மேலே ஏற்றிக்கொண்டே போனால் பீட் பிழைக்கும், புழு மூச்சுத் திணறும். பறவைக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு மெல்லிய இடைவெளி. பால் பண்ணைக்காரர் கேட்கும் நீர்மட்டம் இன்னொன்று. அங்கே நடக்கும் சண்டையெல்லாம் இந்த ஓரிரு சாண் நீரைப் பற்றித்தான்.

அயர்லாந்தில் போர்ட் ந மோனா 2021-ல் பீட் எடுப்பதை முழுவதுமாக நிறுத்துவதாக அறிவித்தது. வெட்டி முடித்த சதுப்புகள் பலவற்றில் இப்போது நடப்பது தலைகீழ் வேலை. வாய்க்காலை அடைத்து, தண்ணீரைத் தேக்கி, மறுபடி பாசி வளர்க்கிறார்கள். ஊறுகாயை மறுபடி மூடுவதுபோல.

ஆகவே "மண்புழு கூடியிருக்கிறது" என்றோ "குறைந்திருக்கிறது" என்றோ பீட் நிலத்தைப் பற்றி யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது: அது மேய்ச்சலுக்காகத் திருத்திய நிலமா, மறுபடி நனைக்கும் நிலமா? அடுத்து, நீர்மட்டம் தரைக்கு எவ்வளவு கீழே, பீட் இன்னும் எத்தனை மீட்டர் மிச்சம்? மேய்ச்சல் நிலத்தில் பத்தாண்டு ஆகியும் புழு வரவில்லை என்றால் வடிகாலிலோ சுண்ணாம்பிலோ கோளாறு, அல்லது புழு வந்து சேர வழியில்லை. நனைத்த சதுப்பில் இன்னும் மண்புழு நெளிகிறது என்றால் வாய்க்கால் எங்கோ ஒழுகுகிறது, போய்ப் பார்க்க வேண்டும்.